அப்பாவின் கல்யாணக் கார்டு

"யாரு யாரைக் கூப்பிடறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்கப்பா. அது தெரியாம ஒரு வரி நகராது."

பாப்பா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு அட்டை, அதன்மேல் வெள்ளைத்தாள், கையில் பென்சில். சுற்றிலும் கசக்கி எறிந்த தாள்கள் கோழிக்குஞ்சுகள் மாதிரி கிடந்தன. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் வீடும் தெருவும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டன.

அப்பா ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை.

"எல்லாரும் எப்படிப் போடுவாங்களோ அப்படிப் போடேன்."

"எல்லார் வீட்டுலயும் அப்பா அம்மா பிள்ளைக்குப் போடுவாங்க. இங்க பிள்ளை அப்பாவுக்குப் போடுது. 'என் அன்புத் தந்தைக்குத் திருமணம்'னு எழுதினா படிக்கிறவன் சிரிக்க மாட்டானா?"

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டு வந்து சாப்பிட்டுப் போகட்டும்." கன்னத்தை இழுத்துப் பிடித்துக் கத்தியை ஓட்டினார். "இந்தக் கார்டே எதுக்குங்கறேன். நாலு பேருக்குப் போன்ல சொன்னா ஆச்சு."

"போன்ல சொன்னா ஏதோ ஒளிஞ்சு மறைஞ்சு பண்ற மாதிரி இருக்கும்."

இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக். அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. இத்தனை நாள் அப்பாவும் மகளுமாகச் சமைத்து, துவைத்து, சண்டை போட்டு, டி.வி. பார்த்துக் காலத்தை ஓட்டிவிட்டார்கள். போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் குழாயடியில் நின்று மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கையையே மறுபடி மறுபடி தேய்த்தார். பிறகு நிமிராமலேயே, "அந்த இஸ்திரிக் கடைக்காரி இருக்கா இல்ல..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பாப்பா "சரிப்பா" என்று சொல்லிவிட்டாள்.

வாயிலிருந்து அந்தச் சரி அவ்வளவு வேகமாக எப்படி வந்தது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சில நாள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. சில நாள் சோற்றுப் பானையை இறக்கும்போது ஓங்கி வைத்தாள். இஸ்திரிக் கடைக்காரியை அவள் சின்ன வயதிலிருந்து அக்கா என்று கூப்பிட்டு வந்தாள். அக்காவை அப்பா கட்டிக்கொண்டால் அப்பா எனக்கு மாமாவா என்று தனக்குள் கேட்டுச் சிரித்துக்கொண்டாள். சிரித்து முடித்ததும் கண்ணில் தண்ணீர் நின்றது.

கார்டு அடிக்கும் கடையில் விலை கேட்டபோது அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "நானே பண்றேன்" என்று சொல்லிவிட்டாள். மழைக்கு முன்னால்தான் கூரையைப் பிரித்து மேய்ந்திருந்தார்கள். கையில் மிச்சம் இருந்தது பதிவு அலுவலகச் செலவுக்கும், வீட்டிலேயே போடப்போகும் சாப்பாட்டுக்கும்தான் சரியாக இருக்கும்.

அவள் வேலை பார்த்தது சட்டைப் பெட்டி செய்யும் கம்பெனியில். மடிப்பு மெஷினில் உட்கார்ந்து, காலால் மிதித்து, அட்டையில் கோடு விழ வைக்க வேண்டும். மிதி, தள்ளு, மிதி, தள்ளு. கொஞ்சம் கோணினாலும் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வெட்டி மிஞ்சிய ஓரத்துண்டுகள் மூலையில் மலையாகக் குவிந்திருக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"கல்யாணக் கார்டுக்கா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நல்ல அட்டையா பார்த்து எடு."

அவர் பார்த்த பார்வையில் வாழ்த்து இருந்தது. அதை அவள் திருத்தவில்லை. திருத்தினால் பெரிய கதையாகிவிடும்.

சந்தன நிறத்தில் பாதிதான் தேறியது. மீதிக்கு வெளிர்நீலம். பெண் வீட்டுக்கு ஒரு நிறம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நிறம் என்று சமாளித்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் மெஷினிலேயே எல்லாவற்றுக்கும் நடு மடிப்புப் போட்டுக்கொண்டாள். வாசகத்தை மெல்லிய தாளில் ஜெராக்ஸ் எடுத்து, வெட்டி, அட்டையின் உட்பக்கம் ஒட்டிவிட வேண்டியது. முன்பக்கத்தில் தானே பென்சிலால் ஒரு கொடி வரைந்து மையால் ஏற்றுவதாக ஏற்பாடு.

ஜெராக்ஸ் கடைக்காரர் அவள் கையெழுத்தில் இருந்த தாளைக் கண்ணாடிமேல் வைக்கப்போனவர் நிறுத்தி முதல் வரியைப் படித்தார்.

"பாப்பா, உனக்குக் கல்யாணமா! ஒரு வார்த்தை சொல்லவே இல்லயே!"

"எனக்கில்லண்ணே. அப்பாவுக்கு."

அவர் தாளை மறுபடி படித்தார். அதில் தப்பு இருந்து, தன் கண்ணுக்குப் படவில்லையோ என்பதுபோல விரலை வைத்து வரி வரியாகப் போனார்.

"சரி... நல்லதுதான். கீழ 'அழைப்பது'ன்னு போட்டு இடம் காலியா இருக்கே?"

"அது இன்னும் முடிவாகலண்ணே. அப்புறம் கையால எழுதிப்பேன்."

"யாருமே கூப்பிடலன்னா யாரு வருவாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது.

மழை பிடித்துக்கொண்டதால் தொல்லை வேறு விதத்தில் வந்தது. மாவுப் பசை காய மறுத்தது. ஒட்டிய கார்டெல்லாம் ஈரத்தில் சுருண்டு அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. மேலே அரிசி டப்பாவை வைத்தாள், அம்மிக்கல்லை வைத்தாள், எடுத்த மறுநிமிஷம் மறுபடி வளைந்தது. கடைசியில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு இஸ்திரிக் கடைக்குப் போனாள்.

கடை என்றால் வீட்டின் முன் அறைதான். போர்வை விரித்த மேஜை, கரிப்பெட்டி, கயிற்றில் தொங்கும் சட்டைகள். பின்னால் ஒரே ஒரு அறை. அக்கா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் தரையில் உட்கார்ந்து, தேய்த்த துணிகளை மடித்துத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். மூத்த மகன், அக்காவின் புருஷன், இறந்து ஒன்பது வருஷம். மருமகளும் மாமியாரும் மட்டுமாக அந்தக் கடையை நடத்தினார்கள். பாப்பா அந்த மாமியாரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

"அக்கா, கார்டெல்லாம் சுருண்டுபோச்சு. உங்க பெட்டியால ஏதாவது ஆகுமா?"

அக்காவுக்கு வெட்கம் வந்தது. தன் கல்யாணக் கார்டைத் தானே தேய்ப்பதா என்று ஒரு தயக்கம். பிறகு பெட்டியைத் திறந்து கரியைப் பாதி எடுத்துவிட்டாள். கார்டின்மேல் மெல்லிய வேட்டித் துணியை விரித்து, பெட்டியை அழுத்தாமல் நகர்த்தினாள். ஆவி எழுந்தது. துணியை எடுத்தபோது கார்டு பலகைபோலக் கிடந்தது.

"அட!" என்றாள் பாப்பா.

"சூடு அதிகமானா எழுத்து துணியில ஏறிடும். மெதுவாத்தான் போகணும்."

பெரியம்மா ஒரு கார்டை எடுத்துக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் படித்தாள்.

"கொடி நல்லாருக்கு. இங்க என்ன, காலியா இருக்கு?"

"அழைக்கிறவங்க பேரு, பெரியம்மா."

"என் பேரைப் போடு."

பெட்டி ஒரு நொடி நின்று நகர்ந்தது.

"என்ன பாக்கறே? இவளைப் பெத்தவங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. இவளுக்கு நான்தானே ஆளு? என் மருமக கல்யாணத்துக்கு நான் கூப்பிடாம வேற யாரு கூப்பிடுவா?" கார்டை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். "ஆமா, கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டுல எனக்கு எந்த ரூமு? ஜன்னல் இருக்கறதாப் பாத்துக் குடுக்கச் சொல்லு உங்கப்பாவ. காத்து இல்லேன்னா எனக்கு மூச்சு முட்டும்."

பாப்பா யோசிக்காமல் வாயை விட்டாள்.

"நீங்க உங்க சின்னப் பையன் வீட்டுக்குப் போறதா அப்பா சொன்னாரே, பெரியம்மா?"

பெரியம்மா சட்டையின் ஒரு கையை மடித்துவிட்டு இன்னொரு கையை மடிக்காமல் வைத்திருந்தாள்.

"நான் எப்பச் சொன்னேன் போறேன்னு?" அவள் கேட்டது மருமகளை. "நீ சொன்னியா?"

"இல்ல அத்தை. அவர், 'உங்க அத்தைக்குச் சின்னப் பையன் இருக்கான் இல்ல'ன்னு கேட்டார். நான் ஆமான்னேன்."

"இருக்கான்னு சொன்னியா, கூட்டிட்டுப் போவான்னு சொன்னியா?"

"இருக்கார்னுதான் சொன்னேன்."

"வேற ஒண்ணும் சொல்லல?"

"சொல்லல அத்தை. அவரும் அதுக்கு மேல கேக்கல."

கருகல் வாடை வந்தது. பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிட்டிருந்தது. துணியில் பழுப்பாகப் பெட்டியின் மூக்கு பதிந்திருந்தது. அக்கா பதறி எடுத்தாள். கீழிருந்த கார்டில் அப்பாவின் பெயரும் அவள் பெயரும் சேர்ந்து தீய்ந்துபோயிருந்தன. பெரியம்மா பாதி மடித்த சட்டையை அப்படியே தாளில் சுற்றிக் கட்டினாள்.

பாப்பா அங்கிருந்து நேராக டெப்போவுக்குப் போனாள். அப்பா ஒரு பஸ்ஸின் அடியில் மல்லாந்து கிடந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன.

"அப்பா, வெளிய வாங்க."

"இங்கிருந்தே கேக்குது. சொல்லு."

அவள் கால்களிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல, அதுவரை ஆடிக்கொண்டிருந்த வலது கால் நின்றுவிட்டது.

"இருக்கறதே ரெண்டு ரூம்," என்றது பஸ்ஸின் அடியிலிருந்து குரல். "ஒண்ணு உனக்கு, ஒண்ணு எங்களுக்கு. அந்தம்மாவ எங்க வெக்கிறது? பரண்லயா?"

"அதை அக்காகிட்டப் பேசினீங்களா?"

"சின்னவன் இருக்கானான்னு கேட்டேனே. இருக்கான்னா."

"எனக்கும்தான் ஊர்ல பாதிப் பேரு சொந்தக்காரங்களா இருக்காங்க. அதுக்காக அவங்க வீட்டுக்கெல்லாம் நான் போயிடறேனா?"

ஸ்பேனர் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"நான் இல்லேன்னா ஒரு ரூம் காலியாத்தானே இருக்கும்?" என்றாள் பாப்பா.

அவர் சரசரவென்று ஊர்ந்து வெளியே வந்தார். நெற்றியில் எண்ணெய் வழிந்தது. "என்ன பேச்சு பேசறே நீ?"

"சும்மா கேட்டேன்."

"நீ வீட்டோட இருக்கறவ. உன்னை யாரு எண்ணிப் பாத்தது?"

"அவங்களும் அப்படித்தானேப்பா? அந்த அக்காவோட இருக்கறவங்கதானே?"

பெரியம்மாவுக்காக ஏன் இப்படி வரிந்து கட்டுகிறோம் என்று பாப்பாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாளோடு சேர்ந்தாற்போல அரைமணி நேரம் பேசியதில்லை. அவள் வந்து அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டால் தனக்கு எரிச்சல் வரும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பாதி மடித்த சட்டை கண்ணைவிட்டுப் போகவில்லை.

அப்பா கைத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் விளங்கல பாப்பா. நான் ஒரு ஆளைத்தான் கேட்டேன்."

"எனக்கும்தான் விளங்கலப்பா," என்றாள் அவள்.

இரண்டு நாள் கழித்து, மழை சாத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அக்கா வீட்டுக்கு வந்தாள். தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்திருந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கார்டு ஒட்ட வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்."

"உள்ள வந்து சொல்லுங்கக்கா. நனையறீங்க."

அடுக்களையில் தேநீர் கொதித்தது. அக்கா முக்காலியில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கரிச்சூட்டில் காய்த்த கை. அதற்குச் சூடு உறைக்கவில்லை.

"அத்தை பேசறதே இல்ல. சோறு போட்டா சாப்பிடறாங்க. தேய்ச்சுக் குடுத்தா மடிக்கிறாங்க. திட்டினாக்கூடப் பரவால்ல." ஒரு வாய் குடித்தாள். "என் வீட்டுக்காரர் போனப்ப நான் படுக்கைய விட்டு எழுந்திரிக்கல பாப்பா. ரொம்ப நாள். செத்தது அவங்க பெத்த பிள்ளை. ஆனா அவங்கதான் தினம் கரிய மூட்டி, பெட்டியத் தூக்கி, வந்த துணியெல்லாம் தேய்ச்சாங்க. ஒரு நாள் ஒரு சட்டைய என்கிட்டக் குடுத்து, 'காலர் எனக்கு வர மாட்டேங்குது, நீ பாரு'ன்னாங்க. அன்னிக்குத்தான் எழுந்தேன்."

"அவங்க சின்னப் பையன்?"

"நல்லவர்தான். போன் பண்ணா எடுப்பார். எடுத்துட்டு, அப்புறம் பேசறேம்பார்."

கூரையிலிருந்து தண்ணீர் தாரையாக விழுந்தது.

"அவங்கள விட்டுட்டு வரணும்னு நினைச்சா மனசு வரல. உங்கப்பாவ வேண்டாம்னு சொல்லணும்னு நினைச்சாலும் மனசு வரல. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

இவள் எனக்கு அக்காவா, சித்தியா, தோழியா என்பதே தெரியாதபோது எந்த முறையில் ஆறுதல் சொல்வது? பாப்பா எழுந்து போய், ஒட்டாமல் இருந்த தாள்களையும் பசைக் கிண்ணத்தையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"சும்மா உட்கார்ந்திருக்கறதுக்கு ஒட்டிட்டே பேசுவோம்."

"வேண்டாம்னுதானே வந்தேன்?"

"வேண்டாம்னா கிழிச்சுக்கலாம். அட்டை சும்மா வந்ததுதானே."

இருவரும் ஒட்டினார்கள். அக்கா தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்ட நேர்த்தியில் ஒரு குமிழிகூட நிற்கவில்லை. அப்படி ஏழெட்டு ஒட்டியிருப்பார்கள், வாசலில் சரக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அப்பா நனைந்துபோய் இறங்கினார். அவரும் டிரைவருமாகத் தார்ப்பாய் போர்த்திய நீளமான எதையோ முக்கி முனகி உள்ளே கொண்டுவந்தார்கள். கழித்துக் கட்டிய பஸ் ஒன்றின் கடைசி வரிசைச் சீட்டு. பச்சை ரெக்சின், நடுவில் ஒரு கிழிசல்.

அக்காவைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆட்டோ போனதும் சொன்னார்.

"டெப்போவுல சும்மா கிடந்தது. கேட்டேன், குடுத்துட்டாங்க. ஹால்ல போட்டா ஒரு ஆள் தாராளமாப் படுக்கலாம்."

"அத்தையவா இதுல படுக்கச் சொல்றீங்க?" அக்காவின் குரல் உயர்ந்தது.

"சேச்சே. எனக்கு. அவங்களுக்கு என் ரூம். ஜன்னல் பெருசு, நல்லாக் காத்து வரும். பாப்பாவுக்கு அவ ரூம்." விரல்விட்டுக் காட்டி முடித்துவிட்டு, எல்லாம் சரியாக வந்துவிட்டது என்பதுபோல நிமிர்ந்தார்.

அக்கா அவரையே பார்த்தாள். "அப்போ நான்?"

அப்பா அறைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அவர் இடமே ஒதுக்கவில்லை.

முதலில் சிரித்தது பாப்பாதான். அடக்கமாட்டாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். அப்பா சீட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்து, "டிக்கெட் வாங்காம ஏறிட்டேன் போலிருக்கு," என்றார்.

"பெரியம்மா என் ரூம்ல இருக்கட்டும்," என்று பாப்பா சொன்னாள். "என் ரூம்லயும் ஜன்னல் இருக்கு. இந்தச் சீட்டை அங்கயே போட்டுக்கலாம். நான் படுத்துக்கறேன்."

மறுபடியும் யோசிக்குமுன் சொல்லியாகிவிட்டது. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் வாயே இப்படி முடிவு செய்துகொண்டு போகிறதே என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது. அப்பா அவளை ஏறிட்டுப் பார்த்தார். நன்றி சொல்லத் தெரியாத மனுஷன். குடையை எடுத்துக்கொண்டு, "நான் போய் அந்தம்மாகிட்டப் பேசறேன்," என்று அக்காவோடு மழையில் இறங்கினார்.

அங்கே என்ன பேசினார் என்று பாப்பா கேட்கவில்லை. மறுநாள் காலையில் பெரியம்மா தனியாக வந்து வாசலில் நின்றாள்.

"நான் வர்றேன்னு யாரு சொன்னா? உங்கப்பா வந்து, எல்லாம் முடிவாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போறார். என்னைப் போன்னு சொன்னவங்களும் கேக்கல, வான்னு சொல்றவங்களும் கேக்கல."

பாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு இறங்கினாள். "நான் கேக்கறேன் பெரியம்மா. எங்க வீட்டுக்கு வர்றீங்களா?"

"யோசிக்கணும்."

யோசிக்கணும் என்றவள் உள்ளே வந்தாள். பாப்பாவின் அறைக்குள் போய், ஜன்னலைத் திறந்து, சாத்தி, மறுபடி திறந்தாள். கட்டிலை அழுத்திப் பார்த்தாள். பஸ் சீட்டைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ராத்திரி லைட்டப் போட்டுட்டு எதையாவது வரைஞ்சிட்டு இருப்பியோ?"

"சில நாள்."

"எனக்கு இருட்டா இருக்கணும்."

"சரி."

"நான் குறட்டை விடுவேன். முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது."

அன்றைக்கே இருவரும் ஹாலில் உட்கார்ந்து காலியிடத்தை நிரப்பினார்கள். "நம்ம ரெண்டு பேரும்தான் கூப்பிடணும். வேற யாரு இருக்கா?" என்றாள் பெரியம்மா. என்ன எழுதுவது என்றும் அவளே சொன்னாள். பாப்பா எழுதினாள். 'என் அப்பாவுக்கும் என் மருமகளுக்கும் நடக்கும் திருமணத்துக்கு வந்து வாழ்த்தும்படி அழைக்கிறோம்.' கீழே இரண்டு பேருடைய பெயர்கள். எழுதிவிட்டுப் படித்தவளுக்குத் தலை சுற்றியது.

"பெரியம்மா, இது தப்பா வருது. ஒரே ஆளோட அப்பாவும் மருமகளும் கட்டிக்கிற மாதிரி இருக்கு."

"உனக்கு அப்பாதானே? எனக்கு மருமகதானே? இதுல தப்பு எங்க வந்தது?"

எந்த இடத்தில் தப்பு என்று பாப்பாவால் காட்ட முடியவில்லை. எல்லாக் கார்டிலும் அப்படியே எழுதினாள். கை வலித்தபோது பெரியம்மா விரல்களை நீவிவிட்டாள்.

மழை விட்ட சாயங்காலம் இருவருமாகக் கார்டு கொடுக்கக் கிளம்பினார்கள். தெருவெல்லாம் சேறு. முதலில் போனது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீடு. அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து கார்டை வாங்கினார். கொடியைப் பார்த்தார். பிரித்து ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பாப்பாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார். சிவப்பு மை இருந்தால் சுழித்திருப்பார்.

"இது... யாரு யாருக்கு என்ன வேணும்? ஒண்ணும் புரியலயே?"

பாப்பா விளக்க வாயெடுத்தாள்.

"எங்களுக்கும் புரியலதான்," என்றாள் பெரியம்மா. "நீங்க அவசியம் வாங்க டீச்சர். வந்து பாத்துட்டு எங்களுக்குச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கடைசிப் படி வழுக்கியது. பாப்பா கையை நீட்டினாள். பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அடுத்த வீடு வரும்வரை விடவில்லை.